பச்சைத் தண்ணி வழக்கு

1

கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் அரசாங்கத்திடம் என் பெயரில் இருக்கும் ஒரே குற்றம், வீட்டு வாசலில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது. நம் ஊரில் காலையில் எழுந்ததும் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான். இங்கே அதற்குக் கடிதம் வரும், விளக்கம் கேட்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று உபசரிக்கவும் செய்வார்கள். இதை முதலில் தேனியில் இருக்கும் என் அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"வாச தெளிச்சதுக்கா கேசு போட்டாக?" என்றார்.

நடந்தது வேறு. ஆனால் அதைச் சொல்ல எங்கள் மகள் கயலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆசைப்பட்டு வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே ஆசிரியை அதை 'கேல்' என்று கூப்பிட்டுவிட்டார். கேல் என்பது இங்கே ஒரு கீரை. கொஞ்சம் கசக்கும், உடம்புக்கு நல்லது என்று சொல்லி எல்லாரும் கஷ்டப்பட்டுத் தின்கிறார்கள். அப்படியாக எங்கள் வீட்டு மீன் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கீரையாகவே படித்து முடித்தது.

போன ஆகஸ்ட் கடைசியில் அவள் பக்கத்து மாகாணத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புவதாக இருந்தது. ஒரு பகல் முழுக்க கார் ஓட்டவேண்டிய தூரம். வழியில் ஊர்கள் குறைவு, குளிர்காலத்தில் மனித நடமாட்டம் அதைவிடக் குறைவு. வீட்டில் இருந்த பழைய காரை அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று பேசி வைத்தோம். வண்டி அந்தக் குளிரில் தாங்குமா என்பது என் மனைவி சாந்தியின் கவலை. கயலின் தமிழ் தாங்குமா என்பது என் கவலை.

அவளுக்குத் தமிழ் வரும். யோசித்து யோசித்து, வாக்கியத்தின் முடிவில் வினைச்சொல் வந்து சேரும்வரை நாம் காத்திருந்தால் வரும். எங்கள் இரண்டு பேரைத் தவிர அதைப் பேச அவளுக்கு இங்கே ஆள் கிடையாது. வீட்டை விட்டுப் போனபிறகு அது எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் போனில் புலம்பியதோடு சரி, வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சாந்தி, முதலில் வண்டிக்கு வேண்டியதைப் பாருங்கள் என்பாள்.

2

வண்டிக்கு வேண்டியது கூலண்ட். இஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிட்டுத் திரும்பி வருகிற திரவம். நம் ஊரில் அது கொதிக்காமல் இருக்க வேண்டும். இங்கே உறையாமல் இருக்க வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை பழையதை வடித்து, உள்ளே அலசி, புதிதாக ஊற்ற வேண்டும். ஒர்க்ஷாப்பில் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

மேலும், இந்த ஊரில் ஆம்பிளை என்று பெயர் வாங்க, வருடத்தில் ஒரு சனிக்கிழமையாவது காருக்கு அடியில் படுத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் படுத்திருக்கிறார்கள். தேனியில் சொந்தக் கார் வைத்திருப்பவன் தெருவில் அப்படிப் படுத்தால், வேலை போய்விட்டது போலிருக்கிறது என்று மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் விசாரிக்க வந்துவிடுவார்கள். இங்கே படுக்காதவனைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

அண்ணனிடம் யோசனை கேட்டேன். அவருக்கு ஏலக்காய் வியாபாரம். எங்கள் பூர்வீக ஊரான கம்பத்திலிருந்து மலைக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் இரண்டு வைத்திருக்கிறார். அப்பா காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்துக்கு ஜீப்தான் சோறு போட்டது.

"கூலண்ட்டு என்னாத்துக்குலே?" என்றார். "நம்ம ஜீப்பு ரெண்டும் பச்சைத் தண்ணியிலதான் ஓடுது. கம்பம்மெட்டு ஏறாமலா போயிருச்சு?"

"அண்ணே, இங்க பச்சைத் தண்ணி ஊத்துனா ஐஸாகி இஞ்சின் வெடிச்சிரும்."

"அம்புட்டுக் குளுருல அங்கன என்னாத்துக்குடா இருக்கீக?"

இந்தக் கேள்விக்குக் குடியுரிமை நேர்காணலுக்காக ஒரு பதிலை மனப்பாடம் செய்திருந்தேன். அண்ணனிடம் அது செல்லாது. அவரே தொடர்ந்தார்: "அதென்ன இங்க, அங்க? இங்கன, அங்கனன்னு சொல்ல நாக்கு வலிக்குதோ மெட்ராஸ்காரருக்கு?"

வலிக்கவில்லை. சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரம் யாரிடமோ "இங்கன ஒக்காரலாமா?" என்று கேட்டேன். அறையே சிரித்தது. ஒரு வருடம் எனக்கு 'இங்கன' என்றே பெயர். நான் அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டேன், கூடவே 'அங்கன'வையும். இரண்டும் அப்புறம் திரும்பி வரவேயில்லை. போடிக்காரியான சாந்திக்கும் இதே கதைதான், விடுதி மட்டும் வேறு. ஆகவே கயல் எங்களிடம் கற்றது 'இங்க' தமிழ். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, யாரும் சிரிக்க முடியாத தமிழ்.

3

ஒரு சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். செய்முறை சுலபம். இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால் பழைய கூலண்ட் வடியும், தட்டு வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு அந்தத் திருகை மூடாமலே மேலே தண்ணீரை ஊற்றி, கீழே தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அதன்பின் திருகை மூடிவிட்டு, புதுக் கூலண்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். சொல்லும்போது ரசம் வைக்கிற மாதிரிதான் இருக்கிறது.

கயல் கையுறை போட்டுக்கொண்டு உதவிக்கு வந்தாள். நாளைக்கு அவளுடைய வண்டி, அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று சாந்தி அனுப்பியிருந்தாள். பழையது வடிந்து முடிந்தது. தட்டு விளிம்புவரை நிரம்பி, துரு கலந்து, பார்க்கச் சகிக்கவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு அலசலாம் என்று எழுந்தபோது வாசலில் நகராட்சி வண்டி வந்து நின்றது.

இறங்கியவர் ஓர் இளம் பெண் அதிகாரி. வந்தது வேறு விஷயத்துக்கு. எங்கள் வீட்டு முன்புறப் புல் அனுமதித்த உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டதாக யாரோ புகார் செய்திருக்கிறார்கள். ஆமாம், இங்கே புல்லுக்கு உயரம் உண்டு, அதை அளக்க ஆள் உண்டு. நான் மன்னிப்புக் கேட்கிற முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் பேசப் போனேன். கயல் சும்மா நிற்கிறாளே, அலசுகிற வேலையாவது நடக்கட்டும் என்று திரும்பி, "பச்சைத் தண்ணிய ஊத்தும்மா" என்றேன்.

"எல்லாமா?" என்றாள்.

"எல்லாத்தையும். தாராளமா ஊத்து."

தோட்டத்துக் குழாய் புல்லில் கிடந்தது. அது எனக்குத் தெரிந்தது. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் புதுக் கூலண்ட் கேன் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. நான் அதிகாரியிடம், எங்கள் ஊரில் புல் வளர்ந்தால் மாடு பார்த்துக்கொள்ளும் என்று ஏதோ நகைச்சுவை செய்துகொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பூட்ஸ் நுனியில் பளபளவென்று பச்சையாக ஒரு ஓடை வந்து, கொஞ்சம் தயங்கி, சுற்றிக்கொண்டு தெருச் சாக்கடையைப் பார்த்துப் போனது.

நான் ஓடினேன். கயல் காலிக் கேனை ரேடியேட்டர் வாயில் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் விழுகிறதா என்று குலுக்கிக்கொண்டிருந்தாள். ஊற்றியதெல்லாம் கீழே திறந்திருந்த திருகு வழியாக வந்து, நிரம்பிய தட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? பச்சைத் தண்ணிதானே ஊத்தச் சொன்னேன்?"

"அதைத்தான் ஊத்தினேன்."

"இது பச்சைத் தண்ணி இல்லம்மா."

அவள் கேனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்பா, இது பச்சையா இருக்கு. தண்ணியா இருக்கு."

அவள் சொன்னது சரிதான். அது மட்டுமில்லை. சின்ன வயதில் கம்பத்துக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் சாந்தி அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றுதான்: பச்சைத் தண்ணியைக் குடிக்காதே, வயிற்றுக்கு ஆகாது, காய்ச்சினதை மட்டும் குடி. அவளுக்குத் தெரிந்தவரை பச்சைத் தண்ணி என்பது குடிக்கக் கூடாத ஒரு திரவம். என்ன நிறம் என்று அவளே பெயரிலிருந்து முடிவு செய்திருக்கிறாள். கூலண்ட் கேனைப் பார்த்தால் நிறம் பச்சை, மேலே மண்டையோட்டுப் படம் போட்டு, குடிக்காதே என்று எழுதியும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பச்சைத் தண்ணி உலகத்தில் உண்டா?

கூலண்ட் இனிப்பாக இருக்குமாம், நாய் நக்கினால் செத்துவிடுமாம். அதிகாரி வண்டியிலிருந்து, வீட்டுப் பூனை கழிப்பதற்கென்று விற்கிற மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி வந்தார், சிந்தியதை அது உறிஞ்சுமாம். மூன்று பேருமாகத் தெருவில் மண்டியிட்டுத் தூவி, கூட்டி அள்ளினோம். போகும்போது இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று, புல் பச்சையாக வளர்ந்ததற்கு. இன்னொன்று, தெரு பச்சையானதற்கு.

4

முதல் தாள் புல்லை வெட்டியதோடு ரத்தாயிற்று. இரண்டாவது தாளுக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அபராதம். தொலைபேசியில் கூப்பிட்டு என் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். என் மொழியில் பச்சைத் தண்ணீர் என்றால் பச்சையாக இருக்கும் தண்ணீர் அல்ல என்றேன். அப்படியானால் அது என்ன நிறம் என்று எதிர்முனையில் இருந்தவர் கேட்டார். நிறமில்லை என்றேன். "நிறமில்லாத பச்சை" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

விட்டேனா? பச்சை என்றால் சமைக்காதது, மனிதன் கைபடாதது, பக்குவம் வராதது என்று ஆரம்பித்தேன். எங்களிடம் பச்சரிசி உண்டு, வெள்ளையாக இருக்கும். பச்சை முட்டை உண்டு, அதுவும் வெள்ளை. பச்சைப் பிள்ளை உண்டு, அது எந்த நிறத்திலும் இருக்கலாம். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்போம். துளியும் உண்மை கலக்காத பொய்யைப் பச்சைப் பொய் என்போம். பச்சை மிளகாய் மட்டும் எங்களை ஏமாற்றாமல் பச்சையாக இருக்கும். அதுவும் பழுக்கிறவரைதான். எதிர்முனையில் எழுதுவது நின்றுவிட்டது. பிறகு மிகுந்த அன்போடு, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டார். இலவசம் என்றார். தமிழை விளக்க எனக்கு ஆள் வைத்தார்கள், நானும் சரி என்றேன்.

இணைப்பில் வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அண்ணை, பச்சைத் தண்ணி எண்டா எங்களுக்கும் அதுதான். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் சொல்லிவிடுறன்" என்றார். சொன்னார். 'வெறும் தண்ணீர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டே சொல். என் பச்சரிசி, பச்சை முட்டை, பச்சைப் பிள்ளை எல்லாம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிப்போயின. எதிர்முனையில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அபராதம் இல்லை, முதல் தடவை என்பதால் எச்சரிக்கை மட்டும். கீழே நடந்ததைச் சுருக்கமாகப் பதிவு செய்திருந்தார்கள்: தந்தை வெறும் தண்ணீரை ஊற்றச் சொன்னார். மகள் கவனக்குறைவால் கூலண்ட்டை ஊற்றிவிட்டார்.

மொழிபெயர்ப்பில் தப்பே இல்லை. அதுதான் வினை. சரியாக மொழிபெயர்த்தவுடன் கயல் செய்தது முட்டாள்தனமாகிவிட்டது. தமிழில் அவள் சொன்னபடி செய்த பெண். ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்காத பெண். மறுபடி கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது, திறக்க வேண்டுமானால் அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது என்றார்கள்.

கயல் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தாள். "நீங்க சொன்னதைத்தானே நான் செஞ்சேன்" என்றாள். அதற்கு நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஆங்கிலத்துக்கு மாறி, "ஆக, இரண்டு மொழியிலும் முட்டாள் நான்தான்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

5

இதற்குள் கதை தேனிக்குப் போய்விட்டிருந்தது. நான்தான் அண்ணனிடம் சொன்னேன். சிரிக்கிறதுக்காகச் சொன்னது. அண்ணன் அதைச் சிரிக்கிறவர்கள் எல்லாருக்கும் சொன்னார். குடும்பத்து வாட்ஸப் குழுவில் அவருடைய குரல்செய்தி வந்து விழுந்தது.

"ஏத்தா பச்சைத் தண்ணி, நல்லாருக்கியா? அங்கன ரோட்டையே பச்சையாக்கிட்டியாம்ல? லீவுக்கு இங்கன வந்தியன்னா நம்ம முல்லையாத்துப் பக்கம் போயிறாத. ஊரு சனம் குடிக்கிற தண்ணி அது."

கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். சுருளிப்பட்டியில் இருக்கும் என் தங்கை பாண்டியம்மா, கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் முகத்தை எண்ண முடியாத அளவுக்குப் போட்டிருந்தாள். அதன்பிறகு கயலுக்கு அதுதான் பெயர். "பச்சைத் தண்ணி காலேஜுக்குக் கிளம்பியாச்சா?" "பச்சைத் தண்ணி சாப்பிட்டாளா?" அண்ணனிடம் கல்மிஷம் கிடையாது. அவருக்குப் பாசம் வந்தால் கேலியாகத்தான் வரும். திட்டினால் இன்னும் அதிகப் பாசம். ஆனால் இதைத் தெரிந்துகொள்ள அவர் கூடவே வளர்ந்திருக்க வேண்டும்.

கயல் எல்லாச் செய்தியையும் பார்த்தாள் என்று நீல நிறத்தில் அடையாளம் விழும். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. மரியாதையான, சுத்தமான, சிரிப்பே இல்லாத ஆங்கிலம்.

"விடுங்க, கோவம் தணிஞ்சா பேசுவா" என்றாள் சாந்தி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயமாக இருந்தது. 'இங்கன' என்ற ஒரு சொல்லுக்கு விடுதி அறை சிரித்ததற்கே நான் அந்தச் சொல்லை ஆயுளுக்கும் விட்டுவிட்டேன். அந்தச் சொல்லைப் பேசுகிற மாவட்டத்திலேயே பிறந்தவன் நான். இவளைப் பார்த்துச் சிரிப்பது ஒரு மாவட்டமே. இவளிடம் விட்டுவிட ஒரு சொல் அல்ல, முழு மொழியும் கையில் இருந்தது.

6

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு மறுபடியும் கூலண்ட் வாங்கி வந்தேன். இந்தத் தடவை குழாய்த் தண்ணீரை நானே பிடித்தேன், தட்டை நானே காலி செய்தேன், எந்தத் திரவத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கலந்து ஊற்றியாயிற்று. இனி உள்ளே சிக்கியிருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். அதற்கு ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழு வேகத்தில் வைக்க வேண்டும். உள்ளே சூடான காற்று வருகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் உட்கார்ந்தேன். என்ன நினைத்தாளோ, கயலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் வெயில், உள்ளே ஹீட்டர். சித்திரை மாதம் தேனி பஸ் ஸ்டாண்டில், கிளம்பாத பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றியது. எழுந்து போகவும் முடியாது, பேசாமலும் இருக்க முடியாது. நான் அண்ணனின் கதையைச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அதைச் சொல்ல அண்ணனுக்கு முன்னால் யாருக்கும் தைரியம் கிடையாது.

அண்ணனுக்கு அப்போது பத்து வயதுக்குள் இருக்கும். பள்ளிக்கூட லீவில் எங்கள் இரண்டு பேரையும் அப்பா ஜீப்பில் முன்னால் உட்காரவைத்து மலைக்குக் கூட்டிப்போனார். பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள், மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பம்மெட்டு ஏறி, கேரள எல்லையைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அப்பா வண்டியை ஓரங்கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகிக்கொண்டே, எதிரே இருந்த கடைக் குழாயில் தண்ணீர் பிடித்துவர அண்ணனை அனுப்பினார். குழாயில் சொட்டுகூட வரவில்லை. கடைக்காரர் மலையாளி. பிள்ளை கேனோடு நிற்பதைப் பார்த்து, கொஞ்சம் பொறு, தண்ணீர் வரும் என்று சொல்ல நினைத்து, "நில்லு மோனே, வெள்ளம் வரும்" என்றார்.

அண்ணன் கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "வெள்ளம் வருதாம், வெள்ளம் வருதாம், எல்லாரும் எறங்கி ஓடுங்க" என்று ஜீப்பைத் தட்டிக் கத்தினார். அந்தப் பெண்களுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். ஆனால் கம்பத்துப் பையன் 'ஓடுங்க' என்று சேர்த்துக் கத்தினால் அது தமிழ் வெள்ளம்தானே. தூக்குச்சட்டிகள் உருள, அத்தனை பேரும் குதித்து மேட்டில் ஏறி ஓடினார்கள். இத்தனை பெண்கள் ஓடுவதைப் பார்த்த கடைக்காரர், அந்த மலையில் மனிதர்கள் ஓடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு என்பதால், ஆனை வந்துவிட்டதென்று அவரும் கடையை விட்டு ஓடினார். சாலையில் அப்பா மட்டும் ஈரச் சாக்கோடு நின்றார். அப்போது குழாயில் தண்ணீர் வந்தது.

அண்ணனுக்கு மீசை முளைக்கும்வரை அந்தப் பெண்கள் அவரை 'வெள்ளம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

கயல் முதல் தடவையாகக் கேள்வி கேட்டாள், ஆங்கிலத்தில்தான். வெள்ளம் என்றால் உண்மையில் என்ன? மலையாளத்தில் தண்ணீர், தமிழில் ஊரையே அடித்துக்கொண்டு போகிற தண்ணீர் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா, வியர்வையைத் துடைத்தாளா தெரியவில்லை. ஹீட்டரில் நல்ல சூடாகக் காற்று வந்துகொண்டிருந்தது. நான் இறங்கிப் போய் ரேடியேட்டரை மூடினேன்.

7

அவள் போனாள். வண்டி போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வாரத்துக்கு ஒரு போன், நாளுக்கு ஒரு குறுஞ்செய்தி, அத்தனையும் ஆங்கிலம். சாப்பிட்டாயா என்று தமிழில் எழுதினால் கட்டைவிரல் படம் வரும். கட்டைவிரலுக்கு மொழி கிடையாது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். சாந்தி தினமும் அந்த ஊர்க் குளிரைப் போனில் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் எண் கீழே போய்க்கொண்டிருந்தது.

குழுவில் அண்ணன் ஓயவில்லை. ஆயுத பூஜைக்கு ஜீப்புக்கு மாலை போட்ட படத்தோடு, "ஏத்தா பச்சைத் தண்ணி, அங்கன ஒன் வண்டிக்குப் பொட்டு வச்சியா?" என்றார். தீபாவளிக்கு ஒன்று. மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்ததற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. அண்ணே, போதும், பிள்ளை வருத்தப்படுகிறாள் என்று நானே சொன்னேன். "பெரியப்பன் கேலி பண்ணாம வேற யாருடா பண்ணுவாக?" என்றார்.

பொங்கலுக்கு மறுநாள் அவர் மறுபடி ஆரம்பித்தார். "ஏத்தா பச்சைத் தண்ணி, பொங்கல் வச்சியா? இங்கன மாட்டுப் பொங்கலு. ஒன் வண்டி அந்தக் குளுருல ஓடுதா, இல்ல தள்ளிக்கிட்டுத் திரியிறியா?"

அன்று இங்கே காலையில் கண்ணிமை ஒட்டிக்கொள்கிற குளிர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குழுவில் கயலின் பெயரில் ஒரு குரல்செய்தி வந்திருந்தது. தப்பாக அமுக்கியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டேன். பின்னால் இஞ்சின் ஓடும் சத்தம்.

"பெரியப்பா, இங்கன மைனஸ் முப்பது. எல்லார் வண்டியும் நின்னு போச்சு. என் வண்டி ஓடுது. பச்சைத் தண்ணி நல்லா வேலை செய்யுது." கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தம் மட்டும். பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து: "நீங்க பத்திரமா இருங்க பெரியப்பா. அங்கன வெள்ளம் வருதாம். எல்லாரும் எறங்கி ஓடுங்க."

தங்கை பாண்டியம்மாதான் முதலில் கேட்டாள்: "என்னத்தா வெள்ளம்?" கயலுக்கு அண்ணனின் குரல் வந்தது, வியாபாரத்தில் பேசுகிற குரல்.

"வெள்ளம்னா மலையாளத்துல தண்ணித்தா. அதெல்லாம் ஒனக்குப் புரியாது."

உடனே கயல்: "பச்சைன்னா இங்கிலீஷ்ல பச்சை, பெரியப்பா. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

இந்தத் தடவை சிரித்த முகங்கள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தன. என் போன் அடித்தது. எடுத்ததும், "ஏலே, நீதான சொல்லிக் குடுத்த?" என்றார் அண்ணன். வெள்ளம் கதையை மட்டும்தான் சொன்னேன், மற்றதெல்லாம் அவள் சொந்தச் சரக்கு என்றேன். "பொய் சொல்லாத" என்றார். குரலில் கோபமே இல்லை. "பிள்ளைக்குத் தமிழ் வராது, போயிரும், போயிரும்னு பொலம்பிக்கிட்டுத் திரிஞ்சியே. எங்கன போச்சு?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். அவர் கேட்டது என் காதில் சரியாக விழவில்லை. நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் 'இங்கன' என்றாள். அதுவும் சரியான இடத்தில், யோசிக்காமல். அந்தச் சொல் எங்கள் வீட்டில் கிடையாது. நானும் சாந்தியும் அவளிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. அவளுக்கு அது கிடைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. பதிலே போடாத அந்தக் கேலிகளை எல்லாம் அவள் அறையில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

குரல்செய்தியை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். சாந்தி மாடியில் இருந்தாள். "சாந்தி, இங்கன வா, ஒன் மகளக் கேளு" என்று கூப்பிட்டேன்.